தடுப்புக்கு அந்தப் பக்கம் பதினோராம் பாடம்

தன்னந்தனியாக நிற்கக்கூடியது எது, இன்னொன்றின் மேல் சாய்ந்தால் மட்டுமே நிற்பது எது? மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. நாடுகளும் குடும்பங்களும், வானத்தில் சுற்றும் கோள்களும்கூட இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிச் சுற்றுகின்றன. ஒவ்வொரு புது பேட்ச்சிடமும் பேராசிரியர் இதைச் சொல்வார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "ஆங்கில இலக்கணத்துல அது நமக்குப் பதினோராம் பாடமா வருது" என்று குரலைத் தாழ்த்தி முடிப்பார். கேட்பவர்களுக்கு மெய் சிலிர்க்கும்.

பதினோராம் பாடம் அவருக்குத் தெரியாது.

மற்றதெல்லாம் தெரியும். ஒன்றிலிருந்து பத்து வரை தண்ணீர் பட்ட பாடு. பன்னிரண்டுக்கு மேலும் தடையில்லை. நடுவில் இந்த ஒன்றுதான் விழுந்த பல் மாதிரி. படிக்கிற காலத்தில் இந்தப் பாடம் நடந்த வாரம் அவர் அம்மை வந்து படுத்திருந்தார். எழுந்து போனபோது வாத்தியார் அடுத்த பாடத்துக்குப் போயிருந்தார். கேட்க வெட்கப்பட்டு, தானாக ஒரு கொள்கை வகுத்துக்கொண்டார். நீளமாக இருப்பது தனி வாக்கியம், குட்டையாக இருப்பது சார்பு வாக்கியம். பெரியது நிற்கும், சின்னது சாயும். இதில் என்ன சிரமம்? இந்தக் கொள்கை பாதிக்குப் பாதி சரியாகவும் வந்து தொலைத்தது. முழுக்கத் தப்பாக வந்திருந்தால் என்றைக்கோ திருத்திக்கொண்டிருப்பார்.

அவர் பேராசிரியரும் இல்லை. பெயர்ப்பலகை எழுத வந்தவர் 'ஆசிரியர்' என்று எழுதி முடித்ததும் பலகையில் இடம் மிச்சம் இருந்தது, பெயின்ட்டும் மிச்சம் இருந்தது. முன்னால் ஒரு 'பே'யைப் போட்டு, 'ஆ'வை 'ரா' ஆக்கிவிட்டுப் போனார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அன்றிலிருந்து மனைவி வீட்டுக் கல்யாணங்களில் அவருக்கு முன்வரிசை நாற்காலி.

பயிற்சி நிலையம் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. முதலாளி முன்பு பிளைவுட் கடை வைத்து நொடித்தவர். விற்காமல் தேங்கிய பலகைகளை என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் அவருக்குக் கல்விச் சேவை தோன்றியது. ஒரு பெரிய கூடத்தை வாடகைக்குப் பிடித்து, பலகைகளை வைத்து மூன்றாகத் தடுத்தார். முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வகுப்பறை. பின்னால் இரண்டுக்கும் முதுகு கொடுத்தபடி முதலாளியின் அறை. தடுப்பு என்று பெயரே தவிர, அது பார்வையை மட்டும்தான் தடுத்தது. இந்த அறையில் ஒருவர் தும்மினால் அடுத்த அறையில் வாழ்த்துச் சொல்வார்கள்.

பேராசிரியரின் வண்டி இத்தனை வருடம் ஓடியதே அந்தத் தடுப்பால்தான். அடுத்த அறையில் முன்பு இருந்த ஆசிரியருக்கு வெண்கலத் தொண்டை. எல்லாரும் அவரை ஸ்பீக்கர் என்றே கூப்பிட்டார்கள். ஸ்பீக்கர் பதினோராம் பாடம் எடுக்கும் நாளில், இந்தப் பக்கம் பேராசிரியரும் அதே பாடத்தை எடுப்பார். எப்படி என்றால், கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தலையைத் தடுப்பில் சாய்த்தபடி நிற்பார். அந்தப் பக்கம் ஒரு வாக்கியம் முடிந்ததும் கண்ணைத் திறந்து, புரியாவிட்டாலும் அப்படியே இந்தப் பக்கம் பலகையில் எழுதுவார். மறுபடி சாய்வார். "சார் ரொம்ப ஆழமா யோசிச்சு நடத்துறார்" என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். மாணவர்கள் எல்லாம் பகலில் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள். ஒரு நர்ஸ், இரண்டு கார் டிரைவர், துணிக்கடை விற்பனைப் பெண்கள், ஒரு கூரியர்காரர். களைப்பில் இருப்பவர்களுக்கு யார் யோசித்தாலும் மரியாதை வரும்.

இந்த வருடம் ஸ்பீக்கர் வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இடத்துக்குப் புது டீச்சர் ஒருவர் வந்தார். சின்ன வயது, பெரிய கைப்பை. வந்த முதல் நாளே பேராசிரியருக்குச் சந்தேகம் தட்டியது. காரணம், அந்தப் பெண் மெதுவாகப் பேசியது.

ஒரு ஆசிரியர் எதற்கு மெதுவாகப் பேச வேண்டும்? ஒளிக்க எதுவும் இல்லாதவர்கள் சத்தமாகத்தானே பேசுவார்கள்? காதைத் தடுப்போடு ஒட்டினாலும், ஏதோ தூரத்தில் தையல் மிஷின் ஓடுகிற மாதிரிதான் கேட்டது. போதாததற்கு அவள் செருப்பு சத்தம் போடாது. திரும்பினால் நிற்பாள். தடுப்புக்கு அடியில் கையகலம் இடுக்கு ஒன்று உண்டு. அதில் சில நேரம் அவள் பாதத்தின் நிழல் அசையாமல் தெரியும். பாடம் நடத்துகிறவர்கள் நடப்பார்கள். அசையாமல் நிற்கிறவர்கள் எதற்கு நிற்கிறார்கள்?

இப்படி இருக்கையில்தான் முதலாளி இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

முதலாளிக்கு வயது ஏறியிருந்தாலும் தலைமுடி மட்டும் கரிக்கட்டை மாதிரி கறுத்திருக்கும். "கவலைப்படாதவனுக்கு நரைக்காது" என்பது அவர் கொள்கை. அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. எந்தப் பேச்சையும் அவர் முடிக்க மாட்டார். பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். மீதியை நாம் வீட்டுக்குக் கொண்டுபோய் முடித்துக்கொள்ள வேண்டும்.

"ரெண்டு பேட்ச்சுலயும் ஆள் குறைஞ்சு போச்சு" என்றார் முதலாளி. "அடுத்த மாசத்துலேர்ந்து ஒரே பேட்ச்தான். ஒரே ஆசிரியர்தான். வெள்ளிக்கிழமை எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு, நீங்க ரெண்டு பேரும் பதினொன்னாம் பாடம் எடுங்க. அதை நான் பாத்ததுக்கு அப்புறம்..."

ஜன்னலைப் பார்த்தார்.

"பாத்ததுக்கு அப்புறம், சார்?" என்றார் பேராசிரியர்.

"புரொஃபசர், நீங்க இப்படியே போயிட்டிருந்தீங்கன்னா..." என்று முதலாளி அடுத்த பாதியைத் தொடங்கி, அதையும் விட்டுவிட்டார்.

பேராசிரியர் வெளியே வந்தார். எப்படிப் போய்க்கொண்டிருந்தால்? என்ன ஆகும்? அதைவிட, பாடங்கள் இத்தனை இருக்க, எதற்குக் குறிப்பாக அந்தப் பாடம்? யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள். யார் என்று கேட்கவே வேண்டாம், அடுத்த அறை டீச்சர்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மச்சினன் வந்து உட்கார்ந்திருந்தான். மனைவியின் தம்பி. கடைகளுக்கும் வீடுகளுக்கும் கண்காணிப்பு கேமரா பொருத்துவது தொழில். தொழிலுக்குத் தகுந்த புத்தி. அவன் கண்ணுக்கு உலகத்தில் இரண்டே ஜாதி: கேமரா வைத்தவர்கள், வைக்காமல் ஏமாந்தவர்கள்.

"மாமா, சந்தேகமே வேணாம். அந்தப் பொண்ணு முதலாளி வச்ச ஆளு" என்றான். "மெதுவா பேசுதுன்னா என்ன அர்த்தம்? கைப்பைக்குள்ள மைக் இருக்கு."

"உனக்கு எல்லாத்துலயும் மைக்" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "போன மாசம் பக்கத்து வீட்டுப் பூனை கழுத்துல கேமரா இருக்குன்னு சொன்னவன்தானே நீ."

"என்னமோ மின்னிச்சுக்கா."

"மணிடா அது."

"சரி, பூனையை விடு. மாமா, உங்க முதலாளி ரூம் எப்படி? பாடம் நடக்கறப்ப லைட் எரியுமா?"

பேராசிரியர் யோசித்தார். அதுவரை கவனித்ததில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் எரியாது. இரண்டு வகுப்பும் தொடங்கியதும் முதலாளி அறைக் கதவு சாத்திக்கொள்ளும், விளக்கு அணையும், நாற்காலி நகரும் சத்தம் கேட்கும், அப்புறம் ஒன்றும் கேட்காது.

"பாத்தீங்களா!" என்று மச்சினன் தொடையில் தட்டினான். "லைட்டை அணைச்சுட்டு உக்காந்திருக்கிறவன் சும்மா உக்காந்திருக்க மாட்டான். அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் அந்தப் பொண்ணு. நடுவுல நீங்க. மாமா, உங்களைச் சுத்தி வளைச்சுட்டாங்க."

மனைவி மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "எனக்கு ஒண்ணு புரியலைங்க. வருஷா வருஷம் எடுக்கற பாடம்தானே? போய் எடுத்துட்டு வரவேண்டியதுதானே. இதுக்கு எதுக்கு மூணு நாளா சாப்பிடாம சுவரைப் பாத்துக்கிட்டு..."

"அது அவ்வளவு சாதாரணப் பாடம் இல்ல."

"உங்களுக்குத் தெரியும்ல அது?"

"என்ன கேள்வி கேக்கற நீ!" என்று அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். வேலை போனால் பலகையும் போகும். பலகை போனால் முன்வரிசை நாற்காலி போகும். மச்சினன் பின்னால் உட்கார்ந்து முதுகைப் பார்ப்பதற்குப் பதிலாக, அவர் உட்கார்ந்து மச்சினன் முதுகைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மறுநாள் தண்ணீர் கேன் பக்கத்தில் புது டீச்சர் பிடித்துக்கொண்டாள்.

"சார், பதினொன்னாம் பாடத்தை உங்க பேட்ச்சுக்கு எப்ப ஆரம்பிக்கறீங்க?"

போட்டு வாங்குகிறாள் என்று பேராசிரியருக்கு உடனே புரிந்துவிட்டது. "நீங்க எப்ப ஆரம்பிக்கறீங்க?" என்றார்.

"நீங்க சீனியர் சார். நீங்க முதல்ல."

"சேச்சே. புதுசா வர்றவங்களுக்கு வழி விடணும்."

"பெரியவங்க வழி காட்டணும் சார்."

"வழி காட்டினா உங்க தனித்தன்மை போயிடும் பாருங்க."

டம்ளரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. பேராசிரியர் ஆழம் பார்க்க ஒரு கல்லை விட்டார். "தனி வாக்கியத்தை நீங்க எந்தக் கோணத்துல அணுகுவீங்க?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "எல்லாக் கோணத்துலயும் சார்."

"சார்பு வாக்கியத்தை?"

"கொஞ்சம் ஜாக்கிரதையா."

"ஆழமான பதில்" என்றார் பேராசிரியர். எமகாதகி, பிடி கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை அவரால் பொறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு ஒத்திகையாக அவள் எப்படியும் இன்றைக்கு அந்தப் பாடத்தைத் தொடங்கித்தான் ஆக வேண்டும். தொடங்கினால் காதில் விழுகிறவரை விழட்டும். 'என் கனவு இல்லம்' என்று பலகையில் எழுதி, "மூச்சு விடாம எழுதுங்க" என்று வகுப்பை அடக்கிவிட்டு, கையைக் கட்டி, கண்ணை மூடி, காதைத் தடுப்பில் வைத்து அழுத்தினார்.

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. தையல் மிஷின்கூட ஓடவில்லை. பேனாக்கள் தாளில் ஊர்கிற சத்தம் மட்டும் வந்தது. அது தன் வகுப்புப் பேனாக்களா, அவள் வகுப்புப் பேனாக்களா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்னும் அழுத்தினார். பலகை லேசாக முனகியது.

டிக்.

காதுக்குள்ளேயே யாரோ சுண்டியது போல இருந்தது. சின்ன உலோகம் ஒன்று மரத்தில் தட்டுகிற சத்தம். அவர் தலையைக் கொஞ்சம் நகர்த்தினார். சத்தமும் கொஞ்சம் நகர்ந்தது. டிக். அதற்குப் பின்னால் மெல்லிய மூச்சு. பலகையின் தடிமன் எவ்வளவோ, அவ்வளவுதான் தூரம்.

அது தோடு என்று பேராசிரியருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

உறைத்ததும் இருமினார். அந்தப் பக்கம் யாரோ துள்ளி, ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டார்கள். இரண்டு கதவும் ஒரே சமயத்தில் திறந்தன. நடையில் இரண்டு பேரும் எதிரெதிராக நின்றார்கள்.

"என்ன டீச்சர், ஒரு பக்கக் காது மட்டும் செவந்திருக்கு?"

"உங்களுக்கும்தான் சார்."

இரண்டு பேரும் அவரவர் காதைத் தேய்த்துக்கொண்டார்கள்.

"என்னை வேவு பாக்கச் சொல்லி முதலாளி அனுப்பினாரா?" என்றார் பேராசிரியர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்னையா? உங்களைத்தான் வச்சிருக்காருன்னு நான் பயந்துக்கிட்டிருக்கேன்! வந்த நாள்லேர்ந்து பாக்கறேன், தடுப்புலயே சாஞ்சு நிக்கறீங்க. இடுக்குல உங்க ஷூ தெரியுது. அசையவே மாட்டேங்குது."

"நான் சிந்திக்கிறேன்."

"நானும் சிந்திச்சேன்."

"சரி, நேரா கேக்கறேன். அந்தப் பாடம் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நீங்க முதல்ல சொல்லுங்க."

"நான் சீனியர்."

"அதனாலதான் சார் உங்களைக் கேக்கறேன்."

அப்போது வரவேற்பு மேசை அக்கா நடையில் வந்தாள். டெலிபோன் எடுப்பது, கூட்டுவது, பூட்டுவது எல்லாம் அவள்தான். இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். "ஃபேன் ஓடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

டீச்சர் முதலாளி அறையைக் கண்ணால் காட்டினாள். கதவு சாத்தியிருந்தது. விளக்கு இல்லை. அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "சார், இன்டர்வியூவுல அவர் என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பதினொன்னாம் பாடம் நல்லா நடத்துவீங்களான்னு. வேலை வேணுமே. நடத்துவேன்னுட்டேன்."

பேராசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல வருடத்துக்கு முன்னால் அவரையும் அதே கேள்விதான் கேட்டார். அவரும் அதே பதிலைத்தான் சொன்னார். "அப்ப மனுஷன் அந்தப் பாடத்துல கரை கண்டவர்" என்று முணுமுணுத்தார். "நம்ம ரெண்டு பேர் சாயமும் வெளுக்கப் போகுது."

"உங்களுக்குத் தெரியாதா சார், நெஜமாவே?"

"உங்களுக்கு?"

தலையை ஆட்டினாள். ஆனால் அது ஆமாம் என்ற ஆட்டலா, இல்லை என்ற ஆட்டலா என்று சொல்ல முடியாதபடி ஆட்டினாள். தெரியாத மாதிரி நடிக்கிறாள் என்று பேராசிரியர் முடிவு கட்டினார். அவளும் அவரைப் பற்றி அதையே முடிவு கட்டியிருப்பாள் என்று அவள் போன வேகத்திலேயே தெரிந்தது.

வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். முதலாளி விட்டுப்போன அரைப் பேச்சு இன்னும் காதில் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்க இப்படியே போயிட்டிருந்தீங்கன்னா. எத்தனை நாள் ஆயிற்று! நீளமான பேச்சுதான். ஆனால் அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. அதற்குப் பக்கத்தில், எதற்கென்றே தெரியாமல், அக்காவின் பேச்சு வந்து உட்கார்ந்தது. ஃபேன் ஓடாது. இரண்டே வார்த்தை. கேட்டார், புரிந்தது, வியர்த்தது, விஷயம் முடிந்தது. மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை.

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குட்டையானது நிற்கிறது. நீளமானது தொங்குகிறது!

அளவில் ஒன்றும் இல்லை. பேச்சு தரை இறங்கியதா, இல்லையா என்பதுதான் விஷயம். தரை இறங்கினால் தனி. 'அப்புறம் என்ன?' என்று கேட்க வைத்தால் சார்பு. தமிழில் இதை வாலைப் பார்த்தே சொல்லிவிடலாம். 'மணி அடித்தது' என்றால் முடிந்தது, 'மணி அடித்தபோது' என்றால் தொங்குகிறது. ஆங்கிலத்தில் வால் மாறுவதில்லை, அதனால்தான் இத்தனை வருடம் ஏமாந்தார். 'தி பெல் ராங்' என்பது நிற்கும். அதன் தலையில் 'வென்' என்று ஒரு குட்டித் தொப்பியை வைத்துவிட்டால் போதும், அப்படியே சாய்ந்துவிடும். இஃப், பிகாஸ், ஆஃப்டர், வென். எல்லாம் அந்தத் தொப்பிகள். முதலாளி வாயைத் திறந்தால் வருவதெல்லாம் தொப்பி போட்ட வாக்கியம். மனுஷன் வாழ்க்கையில் தொப்பி இல்லாமல் பேசியதே இல்லை.

சந்தோஷத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டார். திரும்பி நடக்கும்போது டீச்சருக்கு போன் செய்யலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. பாவம், உண்மையிலேயே தெரியாதவளாக இருந்தால்? அடுத்த அடியில் மச்சினன் முகம் வந்தது. ஒரே ஆசிரியர்தான் என்று முதலாளி சொன்னதும் வந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேட்ச்சும் பேராசிரியரின் அறையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலாளி கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்தார். டீச்சர் முன் பெஞ்சில், இரண்டு காதையும் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதைப் பார்த்த பிறகுதான் பேராசிரியருக்கு அந்த ஆபத்து புரிந்தது. இப்போது நடுவில் பலகை இல்லை. அவர் நன்றாக எடுத்தால் அவள் அப்படியே வாங்கிக்கொண்டு, அடுத்து எழுந்து அதையே இன்னும் நன்றாக எடுப்பாள். மோசமாக எடுத்தால் முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். சீனியர் முதலில் என்று அன்றைக்கு அவள் ஏன் அத்தனை தடவை சொன்னாள் என்பது விளங்கியது.

பிறகு பலகையில் எழுதினார். 'இஃப் ஐ கம் அண்ட் சிட் இன் யுவர் ரூம் ஆன் ஃப்ரைடே.' எழுதிவிட்டுத் திரும்பி, ஜன்னலைப் பார்த்தார்.

வகுப்பும் ஜன்னலைப் பார்த்தது.

"வெள்ளிக்கிழமை நான் உங்க ரூம்ல வந்து உக்காந்தேன்னா" என்றார் பேராசிரியர். "கேட்டவுடனே எப்படி இருக்கு?"

"பயமா இருக்கு சார்" என்றாள் நர்ஸ்.

"ஏன்?"

"மீதியைச் சொல்லலையே நீங்க."

"உக்காந்தா டீ வாங்கித் தருவீங்களா, சீட்டைக் கிழிப்பீங்களான்னு தெரியணும்ல சார்" என்றார் ஒரு டிரைவர். அறை சிரித்தது. கடைசி பெஞ்சில் மட்டும் சிரிப்பில்லை.

பேராசிரியர் 'இஃப்' என்பதைக் கையால் மூடினார். "இப்ப?"

"வர்றார், உக்கார்றார். முடிஞ்சு போச்சு" என்றார் கூரியர்காரர்.

"அவ்வளவுதான்! அந்தக் குட்டித் தொப்பியை எடுத்தா எழுந்து நிக்குது. போட்டா சாயுது." நிறுத்தியிருக்கலாம். ஆனால் வகுப்பு சிரிக்கத் தொடங்கிவிட்டால் பேராசிரியரால் நிறுத்த முடியாது. ஃபேன் ஓடாததைச் சொன்னார், மணி அடித்ததைச் சொன்னார், வாலையும் தலையையும் சொன்னார். டீச்சருக்கு ஒரு துளி விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

பயந்தபடியே நடந்தது. அவள் எழுந்து வந்து அதையே எடுத்தாள், அவரைவிட நன்றாக. மெதுவாகப் பேசினாள் என்பதால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். "நான் பாதி சொல்றேன். அது தொங்குனா 'சார்பு'ன்னு கத்துங்க, நின்னா 'தனி'ன்னு கத்துங்க" என்று ஒரு விளையாட்டு வைத்தாள். அறை அதிர்ந்தது. கீழே மெத்தைக் கடையிலிருந்து ஒருவர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தான் பெற்ற ஞானம் இன்னொருத்தி வாயில் இத்தனை சுலபமாக வருவதைக் கேட்டுக்கொண்டு பேராசிரியர் பலகை ஓரத்தில் நின்றார். முன்வரிசை நாற்காலி கண்ணெதிரில் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

முதலாளி எழுந்து முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு பேரும் நடத்தினதை நான் பாத்ததுக்கு அப்புறம்..." என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சார்பு!" என்று வகுப்பு கத்தியது.

முதலாளி திடுக்கிட்டுத் திரும்பினார். விளையாட்டு முடிந்துவிட்டது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"இல்ல, ஒருத்தரைத்தான் வச்சுக்க முடியும்ங்கறதால..."

"சார்பு!"

"நீங்க எல்லாரும் சேர்ந்து இப்படிக் கத்துனீங்கன்னா..."

"சார்பு!"

முதலாளி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் இந்த முறை உதவவில்லை. அத்தனை முகமும் மீதிக்குக் காத்திருந்தன. ஒரு பேச்சை முடித்தே ஆக வேண்டும் என்ற நிலை அவருக்கு இதற்கு முன் வந்ததில்லை. எப்படி முடிப்பது என்ற பழக்கமும் இல்லை. எதிரில் அவரவர் ஆசிரியரைப் பார்த்தபடி இரண்டு பேட்ச் உட்கார்ந்திருந்தது. யார் பெயரைச் சொன்னாலும் பாதி அறை எழுந்து போய்விடும் போல இருந்தது.

"ரெண்டு பேரும் இருங்க" என்றார்.

"தனி!" என்று கத்தி, வகுப்பு கைதட்டியது.

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா எனக்கு இனிமே உங்க மேல ஒரு கண்ணு வேணும். கேமரா வைக்கணும்."

அதுவும் தனிதான்.

கேமரா வைக்க மச்சினன் வந்தான். சிபாரிசு செய்தது பேராசிரியர். செய்த பிறகுதான் அது தப்பு என்று தெரிந்தது. ஒயர் இழுக்கத் தடுப்புப் பலகைகளைக் கழற்ற வேண்டும் என்றான் மச்சினன். ஞாயிற்றுக்கிழமை பகலில், முதலாளி இல்லாத நேரம் பார்த்து, அக்கா கதவைத் திறந்துவிட, ஆணிகளைக் கழற்றிப் பலகைகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்தான். பேராசிரியரும் டீச்சரும் ஆளுக்கு ஒரு மூலையில் நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, இது என்ன?"

நடுத்தடுப்பின் ஒரு பக்கத்தில், ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அளவு எண்ணெய்க் கறை. பல வருடக் கறை, மெருகேறியிருந்தது.

"ஈரம்" என்றார் பேராசிரியர்.

மச்சினன் பலகையைத் திருப்பினான். இந்தப் பக்கமும் ஒன்று, சின்னதாக, புதிதாக. சுற்றிலும் தோடு கீறிய கோடுகள். "இங்கயும் ஈரமா?"

"கட்டடம் பழசு" என்றாள் டீச்சர்.

அக்கா வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு வெளியே போனாள். மச்சினன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தொழில்முறை சந்தேகம் முகத்தில் ஊறியது. அதோடு பின்பக்கத் தடுப்பைக் கழற்றப் போனான். முதலாளி அறைக்கும் இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவில் இருந்த நீளப் பலகைகள் அவை. கழற்றித் திருப்பி வைத்தான்.

"மாமா, இங்க வாங்க."

முதலாளி அறைப் பக்கத்தில் இரண்டு கறைகள் இருந்தன. ஒன்று பேராசிரியரின் அறையை ஒட்டி. இன்னொன்று அடுத்த அறையை ஒட்டி, ஸ்பீக்கர் காலத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும். இரண்டும் நாற்காலியில் உட்கார்ந்தவரின் காது உயரத்தில் இருந்தன. மற்ற இரண்டையும்விடப் பெரியவை, பழையவை.

மச்சினன் விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தான். விரல் கறுத்திருந்தது.

அது எண்ணெய் இல்லை. தலைச்சாயம்.